ஆங்கரேஜுக்கு வந்தால் இந்த மண்ணின் மக்களை எங்கே, எப்படிப் பார்ப்பது

அலாஸ்காவுக்கு வருகிறோம் என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் அனுப்புகிறார்கள். பனிப்பாறை, கரடி, திமிங்கிலம், குளிர்காலம் என்றால் வானத்தில் ஆடும் பச்சை வெளிச்சம். மனிதர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஆங்கரேஜில் விமானம் விட்டு இறங்கி, ஓர் இரவு தங்கி, மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடிவிடுகிறார்கள்.

நான் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. கணவருக்கு எண்ணெய்த் தொழிலில் வேலை, அதனால் வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு நாளாவது ஊருக்குள்ளேயே இருங்கள். இருக்கச் சம்மதித்தவர்களுக்கு எழுதி எழுதி அனுப்பியதைத்தான் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மக்கள்தொகை ஏறக்குறைய 2.9 லட்சம். இங்கே பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 100க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மவுண்டன் வியூ என்ற பகுதி, அமெரிக்காவிலேயே பல இனத்தவரும் மிகவும் கலந்து வாழும் இடங்களில் ஒன்றாக ஆய்வாளர்களால் கணிக்கப்பட்டது. என் வகுப்பில் சமோவாப் பிள்ளையும் தென்கிழக்கு ஆசியாவின் மாங் இனப் பிள்ளையும் பிலிப்பினோப் பிள்ளையும் இந்த மண்ணின் யூப்பிக் இனப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து வண்ணப் பென்சிலுக்குச் சண்டை போடும். அலாஸ்காவில் அரசு அங்கீகரித்த பூர்வகுடி இனக்குழுக்கள் 220க்கும் மேல். பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானத்தில்தான் போக வேண்டும். அங்கிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் எல்லோரும் வந்து சேர்வது இங்கேதான். 'அலாஸ்காவிலேயே பெரிய கிராமம் ஆங்கரேஜ்' என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகக் காட்டுவதையும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்காகவே கூடுகிற இடங்கள் சில உண்டு. அவை எல்லாருக்கும் திறந்திருக்கும். போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

தொடங்க நல்ல இடம் ஷிப் கிரீக். நகர மையத்திலிருந்து சரிவில் இறங்கினால் பத்து நிமிட நடை. 1915இல் ரயில் பாதை போட வந்தவர்கள் கூடாரம் அடித்துத்தான் இந்த ஊரே உண்டானது என்று ஊர்ப் பலகைகள் சொல்லும். கூடாரத்துக்கு முன்னால் இங்கே டெனாய்னா மக்களின் மீன்பிடி முகாம்கள் இருந்தன. டெனாய்னாக்கள் அத்தபாஸ்கன் இனத்தின் ஒரு கிளை. அலாஸ்காவின் அத்தபாஸ்கன்களில் கடலோரத்தில் வாழப் பழகியவர்கள் இவர்கள்தான். ஜூன் மாதம் வந்தால் அலுவலகக் கட்டடங்களுக்குக் கீழேயே ஆட்கள் தொடை வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ராஜா சால்மனுக்குத் தூண்டில் போடுவதைப் பார்க்கலாம். ஆகஸ்டில் வெள்ளி சால்மன். ஒரு எச்சரிக்கை மட்டும்: நீர் வற்றியதும் கடலோரச் சேறு கெட்டியாக இருப்பது போலத் தெரியும். அதில் கால் வைக்காதீர்கள். பிடித்தால் விடாது, அலை திரும்பி வரும் வேகமும் அதிகம்.

அங்கிருந்து பார்த்தால் நீருக்கு அப்பால் ஒரு மலை படுத்திருப்பது தெரியும். 'உறங்கும் மங்கை' என்று சொல்லி, காதலனுக்காகக் காத்திருந்து உறங்கிப்போன ராட்சசப் பெண்ணின் கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது டெனாய்னாக்களின் பழங்கதை இல்லை, பிற்காலத்தில் வந்தவர்கள் கட்டியது. இங்கே எதைக் கேட்டாலும் 'இது யார் சொன்ன கதை?' என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது.

அடுத்து அலாஸ்கா நேட்டிவ் ஹெரிடேஜ் சென்டர். 1999இல் திறந்தது, 26 ஏக்கர், நகரத்தின் கிழக்கு ஓரம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் முழுமையாக நடக்கும். ஒரு சின்ன ஏரியைச் சுற்றி, ஒவ்வொரு வட்டாரத்து மக்களின் வீடும் உண்மை அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அத்தபாஸ்கன்களின் மரக்கட்டை வீடு, யூப்பிக், இன்யூப்பியாக் மக்களின் மண் மூடிய வீடுகள், தென்கிழக்கு ட்லிங்கிட், ஹைடாக்களின் பெரிய பலகை வீடு என்று வரிசையாக. பனிக்கட்டி வீட்டைத் தேடாதீர்கள். அலாஸ்காவில் யாரும் அதில் குடியிருந்ததில்லை. மண் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை சும்மா நின்றாலே, வெளியே என்ன காற்று அடித்தாலும் உள்ளே ஏன் பயமில்லாமல் இருந்தார்கள் என்று புரியும்.

ஏரியைச் சுற்ற அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இளம் வழிகாட்டி நிற்பார். பலரும் அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகளேதான். மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடிக்கட்டும். அப்புறம் 'உங்கள் ஊர் எது?' என்று கேளுங்கள். அங்கேதான் பேச்சே ஆரம்பிக்கும். பாட்டி எப்படி மீன் உலர்த்துவார், கிராமத்துக்கு விமான டிக்கெட் எவ்வளவு, அம்மா மொழியில் எவ்வளவு பேச வரும் என்று எல்லாம் வரும். பதிலுக்கு உங்கள் ஊரையும் கேட்பார்கள், சொல்லுங்கள். வளாகத்தில் ஹைடா சிற்பிகள் செதுக்கிய ஒரு குலமரக் கம்பம் (டோட்டம் போல்) இருக்கிறது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளின் நினைவாக, அந்தக் காயம் ஆறுவதற்காக நட்டது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

மழை நாள் என்றால் ஆங்கரேஜ் மியூசியம். இங்கே மழை நாளுக்குக் குறைவில்லை. வெளிச்சுவரிலேயே இது டெனாய்னா நிலம் என்று அவர்கள் மொழியில் எழுதியிருக்கும். நேரே, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பு நடத்தும் ஆர்க்டிக் ஆய்வு மையப் பகுதிக்குப் போய்விடுங்கள். 2010இல் திறந்தது, 600க்கும் மேற்பட்ட பொருள்கள், வாஷிங்டனிலிருந்து நீண்டகாலக் கடனாக வந்தவை. தங்கள் தாத்தா காலத்தில் கொண்டுபோகப்பட்ட பொருளைப் பார்க்க இம்மக்கள் கண்டம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இங்குள்ள கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பொருள்களை வெளியே எடுக்கலாம். பெரியவர்களும் கைவினைஞர்களும் வந்து கேட்டால் எடுத்துத் தருவார்கள். தைத்த விதத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டு போய், விட்டுப்போன வேலையை மறுபடி செய்தவர்கள் உண்டு.

அங்கே ஒரே ஒரு பொருளுக்கு நேரம் ஒதுக்கச் சொன்னால் நான் குடல் சட்டையைச் சொல்வேன். சீல், வால்ரஸ் போன்ற விலங்குகளின் குடலைச் சுத்தம் செய்து, காற்று ஊதிக் காய வைத்து, நீளவாக்கில் கிழித்து நாடாவாக்கி, வரிசை வரிசையாகத் தைத்த மழைச்சட்டை. பக்கத்தில் போய்ப் பாருங்கள், வெங்காயச் சருகு மாதிரி ஒளி ஊடுருவும். தையலுக்கு நரம்பு நூல். சில தையல்களுக்குள் உலர்ந்த புல்லை வைத்திருப்பார்கள். நனைந்தால் புல் ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது முறுகி உடையும் என்பதால் போடுமுன் ஈரப்படுத்த வேண்டும். கயாக் படகில் உட்கார்ந்து சட்டையின் கீழ் ஓரத்தைப் படகின் வாயோடு இறுக்கிக் கட்டிவிட்டால், அலை மேலே விழுந்தாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது. கடைகளில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும் மழைச்சட்டை எதைப் பார்த்தாலும் எனக்கு இது ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, சுற்றுலாப் பயணிகள் போகாத இடத்துக்கு வருவோம். அலாஸ்கா நேட்டிவ் மெடிக்கல் சென்டர் என்பது பூர்வகுடி மக்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்ப்பதா என்று கேட்காத விருந்தாளி இல்லை. அங்கே மாடிக்கு மாடி முகமூடிகளும் பொம்மைகளும் புல் கூடைகளும் மணி வேலைப்பாடுகளும் வைத்திருக்கிறார்கள், நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் பார்ப்பதற்காக. லிஃப்டில் மேலே போய், படி வழியாக இறங்கிக்கொண்டே பாருங்கள். அமைதியாகப் போங்கள், யாரையும் படம் எடுக்காதீர்கள். கீழே தன்னார்வலர்கள் நடத்தும் கைவினைக் கடை ஒன்று உண்டு. கிராமத்திலிருந்து வைத்தியத்துக்கு வரும் பாட்டி, கூடவே தான் தைத்த செருப்பையும் கொண்டுவந்து கொடுப்பார். செய்தவர் பெயரும் ஊரும் சீட்டில் இருக்கும். கடை சில மணி நேரம்தான் திறந்திருக்கும். போகுமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருந்தால், ஏப்ரல் கடைசியில் வாருங்கள் என்பேன். அப்போதுதான் நேட்டிவ் யூத் ஒலிம்பிக்ஸ். 1971 முதல் நடக்கிறது. மாநிலம் முழுவதிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். எல்லா விளையாட்டும் வேட்டையிலிருந்தும் பிழைப்பிலிருந்தும் வந்தவை. ஒற்றைக்கால் உயர உதையில், கயிற்றில் தொங்கும் சீல் தோல் பந்தை இரண்டு காலாலும் எம்பி ஒரு காலால் உதைத்து, உதைத்த அதே காலில் தரையில் நிற்க வேண்டும். ஆண்களில் தேர்ந்தவர்கள் 9 அடிக்கும் மேலே உதைத்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போனவர்கள் திரும்பும்போது, திமிங்கிலம் கிடைத்துவிட்டது என்று தூரத்திலிருந்தே கிராமத்துக்குச் சேதி சொல்ல எம்பி உதைத்த வழக்கம் அது.

எனக்குப் பிடித்தது கம்பு இழுத்தல். இரண்டு முனையும் கூம்பிய, சாண் நீளத்துக்குச் சற்றே கூடிய ஒரு மரக்கட்டை. கொழுப்புத் தடவி வழவழவென்று ஆக்கியிருப்பார்கள். இருவர் எதிரெதிர்த் திசை பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். வெட்டி இழுக்கக் கூடாது, திருகக் கூடாது. வலையிலிருந்து சால்மனை வாலைப் பிடித்துத் தூக்கும் பிடி அது. எங்கள் பள்ளியில் படித்த ஒல்லிப் பெண்ணொருத்தி தன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்தவளை இதில் தோற்கடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, விரல் நுனி மட்டும் வெளுத்துப்போயிருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகள் மட்டும்தான் சேரலாம் என்றில்லை, எல்லா இனத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: உதைக்கப் போகிற பிள்ளைக்கு எதிரணிப் பயிற்சியாளரே வந்து 'கொஞ்சம் பின்னால் நின்று எம்பு' என்று சொல்லிக் கொடுப்பார். பனியில் தனியாக யாரும் பிழைக்க முடியாது என்பதால் அங்கே அதுதான் வழக்கம்.

ஏப்ரல் ஒத்துவராவிட்டால் அக்டோபர். அலாஸ்கா நேட்டிவ்ஸ் கூட்டமைப்பின் மாநாடு. 1966இல் தொடங்கிய அமைப்பு. மாநாடு சில ஆண்டுகளில் ஃபேர்பாங்க்ஸில் நடந்ததும் உண்டு, எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். நிலம், மீன், எண்ணெய், பங்கு என்று பகலில் சூடாக விவாதிப்பார்கள். பங்கு என்றால் நிஜமாகவே கம்பெனிப் பங்குதான். 1971 சட்டப்படி இம்மக்களுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96 கோடி டாலருக்குச் சற்றுக் கூடுதலான பணமும் ஒப்புக்கொள்ளப்பட்டபோது, அதை வைத்துக்கொள்ளப் பெரும் நிறுவனங்கள் உண்டாக்கப்பட்டன. மக்கள் அவற்றின் பங்குதாரர்கள். நகரத்தில் நீங்கள் பார்க்கும் கண்ணாடிக் கட்டடங்களில் சில அவர்களுடையவை. விவாதம் பிடிக்காதவர்கள் நேராகக் கைவினைச் சந்தைக்குப் போய்விடலாம்.

இரவில் நடக்கும் குயானா நடன நிகழ்ச்சியைத் தவற விடாதீர்கள். 1982 முதல் நடக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த என் மாமியாரை ஒருமுறை கூட்டிப்போனேன். யூப்பிக் நடனத்தில் ஆண்கள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்க, பெண்கள் பின்னால் நின்று முழங்காலை மட்டும் மெல்ல மடக்கி மடக்கி ஆடுவார்கள். கையில் விசிறி. மெல்லிய வளையம் போன்ற பெரிய பறைகளை நீளக் குச்சியால் தட்டிக்கொண்டு பாடகர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் வால்ரஸ் வயிற்றுத் தோல். இப்போது பலதும் நைலான் துணி. பாட்டுக்கு அர்த்தம் சொல்லலாமென்று நான் குனிந்தபோது அத்தை என் கையைத் தட்டிவிட்டு, "சும்மா இரு. அவன் வலையில்லா இழுக்கான்! பாரு, மீன் வழுக்கிட்டு" என்றார். அதேதான் பாட்டு. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் 'பம்யுவா! பம்யுவா!' என்று கத்தும், இன்னொரு தடவை ஆடச் சொல்லி. மறுபடி வரும்போது வேகம் கூடும், குறும்பும் கூடும். நீங்களும் கத்தலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அத்தை கத்தினார்.

பிப்ரவரி கடைசியில் வருகிறவர்களுக்கு ஃபர் ராண்டி திருவிழா இருக்கிறது. நாய்வண்டிப் பந்தயத்துக்குக் கூட்டம் அலைமோதும். அதோடு நடக்கும் பூர்வகுடிக் கலைச் சந்தையை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஊருக்கு வெளியே ஓர் இடம்: எக்லூட்னா, வடகிழக்கே 40 கிலோமீட்டர். டெனாய்னாக்கள் பல நூற்றாண்டாக இருக்கும் கிராமம். பழைய ரஷ்ய மரக் கோயிலும், அதை ஒட்டிய இடுகாடும் கோடையில் பார்க்கத் திறந்திருக்கும். ரஷ்யப் பாதிரிகள் வருமுன் இவர்கள் இறந்தவர்களை எரித்தார்கள். கிறித்தவரான பின் புதைத்து, மேலே ஒரு கம்பளி விரித்து, அதன்மேல் சின்ன மர வீடு கட்டினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வண்ணம். பெரிய வீட்டுக்குள் ஒரு குட்டி வீடு இருந்தால் தாயும் குழந்தையும் சேர்ந்து கிடக்கிறார்கள் என்று பொருள். பெயின்ட் உரிந்தும் கூரை சாய்ந்தும் இருப்பதைப் பார்த்து, பராமரிப்பு சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவை மண்ணோடு போக வேண்டும், பழுது பார்க்கக் கூடாது என்பதே முறை. இது இன்றும் புழங்குகிற இடுகாடு. எதையும் தொடாமல், பாதையை விட்டு இறங்காமல் நடக்கவும். ஆங்கரேஜ் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி இவர்களுடைய எக்லூட்னா ஏரியிலிருந்துதான் வருகிறது. மின்சாரம் எடுக்கவும் அந்த ஏரி நீரைத் திருப்பிவிட்டதில் எக்லூட்னா ஆறு வற்றிப்போனது. கீழே பயனில்லாமல் கிடந்த பழைய அணையை 2018இல் எடுத்துவிட்டார்கள். சால்மன் திரும்பி வர ஆற்றில் தண்ணீர் விடுங்கள் என்று கிராமம் இன்னமும் போராடுகிறது.

சாப்பாடு. இதில் பலருக்கு ஏமாற்றம்தான். இம்மக்களின் அசல் சாப்பாடு ஹோட்டலில் கிடைக்காது. காரணம் எளிது: காட்டு மூஸ், கரிபு என்ற மான்களின் இறைச்சியை வேட்டையாடிச் சாப்பிடலாம், பகிரலாம், விற்கக் கூடாது. அதனால் அது எப்போதும் யாரோ உங்களுக்குத் தருவதாகத்தான் வரும். நகர மையத்தில் தள்ளுவண்டியில் விற்கும் ரெயின்டீர் சாசேஜ் மட்டும் சட்டப்படி வியாபாரம். ரெயின்டீர்கள் 1892 முதல் சைபீரியாவிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்டவை. 1937இல் ஒரு சட்டம் போட்டு அந்த மந்தைகளைப் பூர்வகுடிகளின் கையில் கொடுத்தார்கள். யாராவது அக்குட்டாக் தந்தால் மறுக்காதீர்கள். கொழுப்பைக் கையாலேயே நுரைக்க அடித்து, சர்க்கரையும் காட்டுப் பழங்களும் கலந்தது. சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இப்போது பல வீடுகளில் தாவரக் கொழுப்புதான் போடுகிறார்கள் என்றாலும், வெள்ளை மீனை உதிர்த்துச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. பிடிக்கவில்லையென்றால் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

பேசும்போது 'எஸ்கிமோ' என்ற சொல் வேண்டாம். சில பெரியவர்கள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வார்கள், அது அவர்கள் பாடு. யூப்பிக், இன்யூப்பியாக் என்று இனத்தின் பெயரையே சொல்லுங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள். அவர்கள் பேச்சில் இடைவெளி அதிகம். கேள்வி கேட்டதும் பதில் வரவில்லை என்று நாம் அடுத்த கேள்வியை எடுத்துவிடுவோம். பொறுங்கள், வரும். புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்' என்று பொருள். என் வகுப்புப் பிள்ளைகள் பாதி நேரம் அப்படித்தான் பதில் சொல்கிறார்கள்.

கடைசியாக, வாங்குவது. சுற்றுலாக் கடைகளில் வெளிநாட்டில் அச்சில் வார்த்த குலமரக் கம்பங்கள் நிறைய. பூர்வகுடிக் கலைஞர் கையால் செய்தது என்பதற்கு 'சில்வர் ஹேண்ட்' என்ற மாநில முத்திரை உண்டு, பாருங்கள். முத்திரை இல்லாமலும் நல்ல வேலைகள் உண்டு, அப்போது செய்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எச் தெருவும் ஆறாவது அவென்யூவும் சேரும் முனையில் ஒரு சின்னப் பழுப்பு வீட்டில் ஊமிங்மாக் கூட்டுறவுக் கடை இருந்து வருகிறது. 1969இல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய கூட்டுறவு. மஸ்க் ஆக்ஸ் என்ற விலங்கின் உள்மயிரைப் பின்னிய துண்டுகள். கிராமத்துக்கு ஒரு பின்னல் வடிவம். விலை கூடுதல்தான், ஆனால் கையில் வைத்தால் எடையே தெரியாது, கழுத்தில் போட்டால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்.

வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை அழகாக இருக்கும். 1972 சட்டப்படி அதைச் செதுக்கி விற்கும் உரிமை அலாஸ்கா பூர்வகுடிகளுக்கு மட்டும்தான். ஊருக்குள் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும், சில மாநிலங்களிலும் தந்தத்துக்குத் தடை இருக்கிறது. திமிங்கில எலும்பு, சீல் தோல் எல்லாவற்றுக்கும் இதே தலைவலி. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல், மணி வேலையும் புல் கூடையும் வாங்குங்கள். பிறை வடிவ உலு கத்தி வாங்கினால், அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் அதற்காகக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்.